42 அங்குல பிளாஸ்மாவைப் பழுது பார்ப்பதா, எல்இடி வாங்குவதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 2011 உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு வாங்கிய 42 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சி, எங்கள் கோயம்புத்தூர் வீட்டில் இதுநாள்வரை ஓடிக்கொண்டிருந்தது. சென்ற வாரம் மின்சாரம் போய் வந்தபின் ஒலி மட்டும் வருகிறது. திரை இருண்டே கிடக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், பேனலில் குறை இல்லை, திரையை ஒளிரவைக்கும் சஸ்டெய்ன் போர்டுதான் போயிருக்கிறது, பழைய தொலைக்காட்சி ஒன்றிலிருந்து கழற்றிய போர்டு கிடைத்தால் 6,000 ரூபாய்க்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். வீட்டிலோ, 43 அங்குல எல்இடி ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார்கள்.

பகலில் அம்மா தொடர்கள் பார்ப்பார். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு நானும் மனைவியும் படம் பார்ப்போம். கேபிள் பெட்டி, எச்டி இல்லாத, குறைந்த தெளிவுள்ள சாதாரண எஸ்டி பெட்டிதான். ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் உண்டு. கடைகளில் பார்த்த எல்இடி திரைகள் கண்ணைப் பறித்தாலும், இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிவதுபோல் எனக்குப் படுகிறது. இது என் பிரமையா? பழுது பார்த்தபின் பிளாஸ்மாவை ஊட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இங்கே புதியதை வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை.

மறுமொழி 1:
பிரமை இல்லை. கடையில் எல்இடி என்று விற்பது எல்சிடியேதான். பேனலுக்குப் பின்னால் முன்பு இருந்த மெல்லிய குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்இடிகளை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. சாதாரண விலையுள்ளவற்றில் அந்தப் பின்னொளி திரை முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும். திரவப் படிகங்கள் அதை வேண்டிய இடத்தில் மறைக்கின்றன, ஆனால் முற்றிலும் மறைக்க அவற்றால் முடிவதில்லை. பிளாஸ்மாவில் பின்னொளியே கிடையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே நியானும் செனானும் அடைத்த நுண்ணறைகள் மின்னழுத்தம் பட்டதும் புற ஊதாக் கதிரை உமிழ, அது பாஸ்பர் பூச்சில் பட்டு வண்ண ஒளியாகிறது. வேலையில்லாத நுண்ணறை ஏறக்குறைய இருண்டுவிடுகிறது. பயனியர் 2007இல் கொண்டுவந்த வரிசைக்கு ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று பொருள்படும் 'குரோ' என்ற பெயரையே வைத்தது இந்தப் பெருமையினால்தான்.

அசைவிலும் வேறுபாடு உண்டு. எல்சிடி ஒரு சட்டகத்தை (ஃபிரேம்) அடுத்த சட்டகம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருப்பதால், பந்தைத் தொடரும் நம் கண்ணுக்கு அது இழுபட்டுத் தெரிகிறது. பிளாஸ்மா விட்டு விட்டு மின்னுவதால் அந்த இழுவை குறைவு. அதே மின்னல், நம் 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் சிலருக்குக் கண்ணை உறுத்தும் என்பதையும் மறைக்கக் கூடாது.

எல்சிடி பேனல்களில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. வாங்குவதுதான் முடிவென்றால் விஏ பேனலைத் தேடுங்கள். ஐபிஎஸ் பேனலின் ஒளிவேறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) ஏறத்தாழ 1,000:1 என்றால், விஏவில் பெரும்பாலும் 3,000:1க்குக் குறையாது. ஆனால் பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவருக்கு விஏவின் நிறம் வெளுக்கும்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னவை இருட்டறைக்குச் சரி. மேற்கு ஜன்னலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிளாஸ்மாவின் முன்கண்ணாடி பிற்பகல் வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். உங்கள் அம்மா தொடரைப் பார்ப்பதைவிட ஜன்னல் கம்பியைப் பார்ப்பதே அதிகமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிளாஸ்மாவில் ஒரே சேனலின் சின்னம் மூலையில் நிழலாகப் பதிந்து, கடைசிவரை போகவில்லை.

மின்செலவையும் பாருங்கள். பிளாஸ்மாவின் செலவு காட்சிக்கேற்ப ஏறி இறங்கும். சராசரியாக 200 வாட் என்று கொண்டால், தினமும் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். அதே அளவுள்ள எல்இடி 80 வாட் எடுத்தால் 24 யூனிட்தான். படிநிலைக் கட்டணத்தில் நீங்கள் விளிம்பில் இருந்தால், அந்த 36 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

மறுமொழி 3:
நான் தொலைக்காட்சி பழுது பார்ப்பவன். பானசோனிக் 2013 முடிவிலும் சாம்சங்கும் எல்ஜியும் அதற்கடுத்த ஆண்டிலும் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இன்று கிடைப்பவை பெரும்பாலும் கழற்றிய போர்டுகள்தான். ஆகவே போர்டைப் பொருத்தி இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டியபிறகே பணம் கொடுங்கள். மூன்று மாத உத்தரவாதமாவது கேளுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களே பின்மூடியைத் திறக்க வேண்டாம்; சஸ்டெய்ன் பகுதியில் 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு, மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைத் தேக்கி வைத்திருக்கும்.

ஊட்டி யோசனையை விட்டுவிடுங்கள். பேனலுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வெளிக்காற்றுதான் இரண்டு கண்ணாடிகளையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊரில் அந்தப் பிடி தளர்வதால், திரை வண்டுபோல் ரீங்கரிக்கத் தொடங்கும். போதாததற்கு, நிமிர்த்தியபடியே கொண்டுபோக வேண்டிய பேனலை மலைப்பாதையில் ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஜன்னல் கம்பி பற்றிச் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பல ஆண்டுகளாக அதைத்தானே சொல்கிறேன் என்றார். நேற்று கடையில் விளம்பரக் காட்சியை நிறுத்திவிட்டு எஸ்டி சேனலைப் போடச் சொன்னதில், 43 அங்குல 4கே திரையில் முகங்கள் பூசி மெழுகியதுபோல் தெரிந்தன. பக்கத்தில் இருந்த 32 அங்குலத்தில் அதே சேனல் பார்க்கும்படியாக இருந்தது. அதனால் அம்மாவின் அறைக்கு 32 அங்குல எல்இடி ஒன்று வாங்கிவிட்டு, ஹாலில் இரவுப் படங்களுக்காகப் பிளாஸ்மாவைப் பழுது பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். போர்டு வந்ததும் எழுதுகிறேன்.