பெங்களூரில் ஐடி செய்முறைப் பயிற்சி: பணம் கட்டும் முன் எதைக் கேட்பது?

திருப்பத்தூர்க்காரன் (பி.டி.எம். லேஅவுட்)

அனைவருக்கும் வணக்கம். மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு, ஐடி வேலைக்கு மாறும் எண்ணத்தோடு இரண்டு மாதமாக இங்கே ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். லினக்ஸ், நெட்வொர்க், கிளவுட் பயிற்சிக்காக இரண்டு இடங்களில் விசாரித்தேன். மாரத்தஹள்ளியில் 45 நாள் வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். அங்கே அறுபது பேர் அமர்ந்த கூடத்தில் பயிற்றுநர் கட்டளைகளைத் தட்டி புரொஜெக்டரில் காட்ட, மற்றவர்கள் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெயநகரில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஆளுக்கொரு கணினி, பாதி நேரம் செய்முறை என்கிறார்கள். கட்டணம் 42,000 ரூபாய். அப்பாவிடம் அவ்வளவு கேட்க மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற பலகை தொங்குகிறது. செய்முறைப் பயிற்சி என்று சொல்வது உண்மையிலேயே செய்முறைதானா என்பதைச் சேரும் முன்பே எப்படிக் கண்டுகொள்வது?

ஒயிட்ஃபீல்டு வாசி

தம்பி, ஆளுக்கொரு கணினி என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அச்சிட்டுத் தந்த தாளில் உள்ள கட்டளைகளை வரிசையாகத் தட்டி, எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று எழுந்து போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; நோட்டில் எழுதுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்றுநர் வேண்டுமென்றே எதையாவது கெடுத்து வைத்துவிட்டு, ‘கண்டுபிடியுங்கள்’ என்று விலகி நிற்பாரா என்று கேளுங்கள்.

நான் சர்வர் பராமரிப்புக்கு வந்து பதினொரு ஆண்டு ஆகிறது. சேர்ந்த மூன்றாவது வாரம், இரவு ஷிப்டில், ஒரு சர்வரின் வட்டு முழுவதும் நிரம்பிவிட்டது. சர்வர் தன் நடப்புகளைப் பதிந்துவைக்கும் மிகப் பெரிய லாக் கோப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அழித்தேன். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளை, அவை பிடித்த இடம் குறைந்திருப்பதாகக் காட்டியது. வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளையோ இன்னும் நூறு சதவீதம் என்றே சொன்னது. அரை மணி நேரம் திருதிருவென்று விழித்தேன். லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை நீக்குவது மட்டுமே என்பதும், அதைத் திறந்து வைத்திருக்கும் செயலி கையை விடும்வரை அது பிடித்திருந்த இடம் திரும்பாது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை அந்தச் செயலியைக் காட்டிக்கொடுத்தது. சேவையை மறுபடி தொடக்கியதும் எண் சரசரவென்று இறங்கியது. இதை யாராவது வாயால் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

பணம் கட்டும் முன் இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை மென்பொருளாக ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் சிறிய லினக்ஸ் இயந்திரங்கள் இரண்டு தாராளமாக ஓடும். எங்கே திணறுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு பயிற்சிக்குப் போனால் கேட்பதற்குக் கேள்விகளாவது இருக்கும்.

எலக்ட்ரானிக் சிட்டி அக்கா

புதியவர்களை நேர்காணல் செய்யும் குழுவில் இருப்பவள் என்ற முறையில், அந்தப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். வேலைவாய்ப்பு உறுதியை எழுத்தில் கேட்டால், அது பெரும்பாலும் ‘நேர்காணலுக்கு அனுப்பி வைப்போம்’ என்று சுருங்கிவிடும். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு ஆண்டு அனுபவம் இருப்பதாகக் கடிதம் தயாரித்துத் தருகிறோம் என்று காதோடு சொல்லும் இடங்களும் உண்டு. என் உறவுக்காரப் பையன் ஒருவன் அதை நம்பி 30,000 ரூபாய் கொடுத்தான், வேலையும் கிடைத்தது. பின்புலச் சரிபார்ப்பின்போது, அந்தக் கடிதத்தில் இருந்த நிறுவனம் அவன் பெயரில் வருங்கால வைப்பு நிதி செலுத்திய தடமே இல்லை என்று தெரிந்து, ஐந்தாவது வாரமே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பொறியியல் பட்டதாரியான உங்களுக்கு, பணம் கட்டாமல் வேலையிடத்திலேயே கற்கும் வழியும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் மத்திய அரசு நடத்தும் நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சி) திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசே ஏற்றுக்கொள்கிறது. இதைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான தெற்கு மண்டல வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. கர்நாடகமும் அதற்குள்தான் வருகிறது.

சிவாஜிநகர் கேபிள்காரர்

நெட்வொர்க் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கேபிளில் முனையை அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் கருவி, கொஞ்சம் ஆர்ஜே45 முனைகள் (நெட்வொர்க் கேபிளின் செருகிகள்), சில மீட்டர் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளை அடுக்கும் டி568பி முறையில் வரிசை இதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீலம் புகுந்திருப்பது பார்க்கக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். அதனால் என் முதல் கேபிளில் பச்சையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அழுத்திவிட்டேன். மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன, இணைப்போ தவழ்ந்தது. மூன்றாவது, ஆறாவது ஊசிகளில் ஒரே முறுக்கு ஜோடி இருந்தால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் உள்ளே ஏறாது. இதையெல்லாம் எந்த புரொஜெக்டரில் காட்ட முடியும்?

திருப்பத்தூர்க்காரன்

மூவருக்கும் நன்றி. இரண்டு இடத்திலும் ஒரு நாள் வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். ஜெயநகரில் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். மற்ற இடத்தில் பணம் கட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். நாட்ஸில் பதிந்துவிட்டேன். நேற்று இரவு ஒரு சிறிய வட்டை நிரப்பி, இன்னொரு சாளரத்தில் கோப்பின் கடைசி வரிகளைத் தொடர்ந்து காட்டும் ‘டெயில்’ கட்டளை அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே அதை அழித்தேன். அண்ணன் சொன்னது போலவே இடம் திரும்பவில்லை. செயலியை நிறுத்தவே கூடாது என்ற நிலை வந்தால் என்ன செய்வது?

ஒயிட்ஃபீல்டு வாசி

ஓடும் செயலிகளின் விவரங்களைக் காட்டும் ‘ப்ராக்’ அடைவில், அந்தச் செயலியின் எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவுக்குள், அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கான ‘எஃப்டி’ என்ற துணை அடைவு இருக்கும். அழித்த கோப்புக்கு எல்எஸ்ஓஎஃப் காட்டிய எண்ணை அங்கே தேடி, ரூட் (நிர்வாகி) உரிமையோடு ‘ட்ரங்கேட்’ கட்டளையால் அதைச் சுழியத்துக்குச் சுருக்குங்கள். செய்து பார்த்துவிட்டு, டிஎஃப் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.