பழைய 5.1 செட்டை மாத்தணும், கையில காசு அளவாத்தான் இருக்கு: முதல்ல ரிசீவரா ஸ்பீக்கரா?

ரிமோட்கையில்:

வணக்கம் நண்பர்களே. 10 வருஷமா ஒரே பெட்டியில வந்த 5.1 செட்தான் வச்சிருக்கேன். டிவிடி ப்ளேயரும் ஆம்பும் ஒண்ணா இருக்குமே அந்த மாதிரி, கூட அஞ்சு குட்டி ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். வாங்குனப்ப வீட்ல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். இப்ப பிரச்சனை என்னன்னா வசனம் புரியவே மாட்டேங்குது. அம்மாவுக்கு காது கொஞ்சம் மந்தம், சீனுக்கு சீன் "என்னடா சொன்னான்"னு கேக்குறாங்க, சரின்னு சவுண்ட் ஏத்துனா அடுத்த சீன்ல சண்டை வந்து ஜன்னல் கண்ணாடி அதிருது, ஓடிப்போய் குறைக்கணும், படம் பூரா ரிமோட்டும் கையுமாவே உக்காந்திருக்கேன். கொஞ்ச நாளா அம்மா கேக்குறதையே விட்டுட்டாங்க, சும்மா திரையை பாத்துட்டு இருக்காங்க, அதுதான் எனக்கு தாங்கல.

டிவி புதுசு, 4கே, ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயர் வழியாவே டிவி சவுண்ட வெளிய அனுப்புற வசதி) இருக்கு. செட்டுக்கு ஆப்டிகல் வயர்ல சவுண்ட் போகுது. ஹால் 12க்கு 15 அடி, சோஃபா பின் சுவத்த ஒட்டி இருக்கு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்த முடியாது, இப்ப ஒண்ணு, கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொண்ணுன்னுதான் முடியும். ஒரு ஃப்ரெண்ட் அட்மாஸ் ரிசீவர் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற அட்மாஸ் ஆடியோவ பிரிச்சு ஸ்பீக்கர்களுக்கு அனுப்புற ஆம்ப் பெட்டி) வாங்குங்கிறான், இன்னொருத்தன் ஸ்பீக்கர்தான் முக்கியம்ங்கிறான். இன்னொரு சந்தேகம், என் செட்டுல 1000 வாட்ஸ்னு எழுதியிருக்கு, புது ரிசீவர்ல பாத்தா சேனலுக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு) 80, 90ன்னுதான் போட்டிருக்கான், அப்ப இருக்கறத விட கம்மியாதானே வாங்குறேன்?

செம்புக்கம்பி:

வாட்ஸ் விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம் ப்ரோ, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. உங்க செட்டோட பின்னாடி ஸ்டிக்கர்ல கரண்ட் எவ்வளவு எடுக்கும்னு ஒரு நம்பர் இருக்கும், அத பாருங்க. சுவத்துல இருந்து நூத்தி சொச்சம் வாட்ஸ் இழுக்குற பெட்டி 1000 வாட்ஸ தொடர்ச்சியா எங்க இருந்து குடுக்கும்? அந்த நம்பர் எப்படி வருதுன்னா, ஒரே ஒரு சேனல மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரே ஒரு டோன் குடுத்து, 10 சதவீதம் டிஸ்டார்ஷன் (சவுண்ட் சிதையுறது) வர்ற வரைக்கும் முறுக்கி அளந்து, அத எல்லா சேனலுக்கும் பெருக்கி கூட்டிடுவாங்க. நீங்க தேட வேண்டிய வரி "20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம், 2 சேனல்", டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள்ள. ஓம்ங்கறது ஸ்பீக்கரோட மின்தடை. அப்படி அளந்து 80 வாட்ஸ்னா அது நெஜமான 80.

அந்த 80ஐயும் நீங்க தொடப்போறதில்ல. ஸ்பீக்கர்ல சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு போட்டிருப்பான், உதாரணத்துக்கு 87 டெசிபல். 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல 87 டெசிபல் வரும்னு அர்த்தம். 10 வாட்ஸ் குடுத்தா 97, 100 குடுத்தா 107. 1 மீட்டர்ல 97 வர்ற அளவுக்கு வச்சு, உங்க ஹால்ல 3 மீட்டர் தள்ளி உக்காந்து படம் பாத்தாலே பக்கத்து வீட்டுக்காரங்க கதவ தட்டுவாங்க. அதே ரிசீவர்ல 90 டெசிபல் ஸ்பீக்கர் மாட்டுனா, 87 ஸ்பீக்கருக்கு ரெண்டு மடங்கு பவர் குடுத்ததுக்கு சமம். அதனால என் ஓட்டு ஸ்பீக்கருக்குதான். ரிசீவர் நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும், நல்ல ஸ்பீக்கர் 20 வருஷம் கூட நிக்கும். வசனத்துல பெரும்பகுதி டிவிக்கு நடுவுல வைக்கிற சென்டர் ஸ்பீக்கர்லதான் வருது, முதல்ல நல்ல சென்டர் ஒண்ணு போடுங்க.

பழையஆம்ப்:

செம்புக்கம்பி சொல்றது தனி ரிசீவர் இருக்கறவங்களுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா இவர் வச்சிருக்கறது பெட்டி செட், அங்கதான் சிக்கல். இந்த செட்டுகள்ல ஸ்பீக்கர் பெரும்பாலும் 3 ஓம் 4 ஓம்னு இருக்கும், ஆம்பும் அதுக்குன்னே பண்ணது. அதுல 8 ஓம் ஸ்பீக்கர மாட்டுனா கெட்டுப்போகாது, ஆனா பவர் பாதிக்கும் கீழ இறங்கும், சவுண்ட் சோகையா வரும். இன்னொண்ணு, அந்த குட்டி ஸ்பீக்கர்ல பேஸ் வராதுங்கறதால 150 ஹெர்ட்ஸ்லயோ அதுக்கும் மேலயோ வெட்டி, அதுக்கு கீழ உள்ள சத்தத்த எல்லாம் சப்புக்கு அனுப்பிடுவான், அத மாத்த மெனுவே இருக்காது. புதுசா 6 இன்ச் வூஃபர் வச்ச ஸ்பீக்கர் வாங்கி மாட்டுனாலும் அதுக்கு முழு வேலை கிடைக்காது.

திருப்பி யோசிச்சாலும் இதே கதை. புது ரிசீவர்ல பழைய 3 ஓம் ஸ்பீக்கர மாட்டுனா கரண்ட் அளவுக்கு மீறி இழுக்கும், கொஞ்சம் சத்தமா வச்சதும் தன்னை காப்பாத்திக்க ப்ரொடெக்ஷன்ல போய் ஆஃப் ஆயிடும், சூடும் ஏறும். சப்புக்கு தனி பவர் கார்டு இல்லன்னா உள்ள ஆம்ப் இல்லைன்னு அர்த்தம், ரிசீவரோட சப் அவுட்ல அத மாட்டவே முடியாது.

அதனால சாமான் எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்து சொல்லுங்க. ஸ்பீக்கர் பின்னாடி எத்தன ஓம், சப்புக்கு பவர் கார்டு இருக்கா. மூணாவதுதான் முக்கியம்: வசனம் ஓடும்போது சென்டர் ஸ்பீக்கர்ல காத வச்சு கேளுங்க.

ரிமோட்கையில்:

அண்ணா, டார்ச் அடிச்சு பாத்தேன். எல்லாத்துலயும் 3 ஓம்னு எழுதியிருக்கு. சப்புக்கு கார்டு கிடையாது, ஊதா கலர் ப்ளக் ஒண்ணு செட்டுக்கு போகுது, அவ்வளவுதான்.

சென்டர் கதைய கேளுங்க. காத வச்சா சத்தமே இல்ல. செத்துப்போச்சுன்னு நெனச்சு வயர கழட்டி மாட்டுனேன், அப்பவும் இல்ல. டிவிடி ஒண்ணு போட்டேன், கணீர்னு வருது! அப்புறம் டிவி மெனுவுல போய் பாத்தா ஆடியோ அவுட் பிசிஎம்னு இருந்துச்சு. அத டால்பி டிஜிட்டலுக்கு மாத்துன உடனே சென்டர்ல பேச்சு வருது. டிவி மாத்துன நாள்ல இருந்து ரெண்டு வருஷமா சென்டர் ஊமையா இருந்திருக்கு அண்ணா, வசனம் பூரா ரெண்டு ஓரத்து ஸ்பீக்கர்லதான் வந்திருக்கு. இவ்வளவு நாள் அம்மாகிட்ட "கவனிச்சு கேளும்மா"ன்னு சொல்லிட்டு இருந்தேனேன்னு மனசு கஷ்டமா போச்சு.

நடுவரிசை:

தம்பி, எங்க வீட்லயும் அப்பாவுக்காகத்தான் இதுல எல்லாம் இறங்குனேன், அதனால உங்க கஷ்டம் புரியுது. ஆப்டிகல்ல பிசிஎம்னா ரெண்டு சேனல்தான் போகும், டால்பி டிஜிட்டல்னாதான் 5.1 போகும், டிவி மாத்துற நிறைய வீட்ல இது நடக்குது. இப்ப காசு செலவில்லாம இன்னும் கொஞ்சம் பண்ணலாம். சென்டர் எங்க வச்சிருக்கீங்க? டிவி ஸ்டாண்டுக்குள்ள ஆழமா தள்ளி வச்சிருந்தா பலகையில பட்டு குரல் குடத்துக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும். முன் விளிம்பு வரைக்கும் இழுத்து, அடியில ரப்பர் கட்டை குடுத்து, உக்காந்திருக்கறவங்க காத பாத்து நிமித்துங்க. முழங்காலுக்கா ஸ்பீக்கர் பேசணும்?

அடுத்தது நைட் மோட், இல்ல டைனமிக் ரேஞ்ச்னு மெனுவுல ஒண்ணு இருக்கும். சத்தமான இடத்த அமுக்கி, மெல்லிசான இடத்த தூக்கும். சுத்த சங்கீதக்காரங்க இதெல்லாம் பண்ணாதேம்பாங்க, நான் அத ஏத்துக்கவே மாட்டேன், வீட்ல இருக்கற பெரியவங்களுக்கு கதை புரியறதுதான் முதல்ல. சென்டர் லெவல 2, 3 டெசிபல் ஏத்துங்க. சோஃபாவ சுவத்துல இருந்து ஒரு அடியாச்சும் முன்னாடி இழுங்க, சுவரோரம் பேஸ் குவிஞ்சு நின்னு பேச்ச முழுங்கும். தரை வெறும் டைல்ஸ்னா நடுவுல கனமா ஒரு விரிப்பு போட்டா எதிரொலி குறையும்.

பழையஆம்ப்:

ஊமை சென்டர கண்டுபுடிச்சதே பாதி வெற்றி. ஆனா 3 ஓம், கார்டு இல்லாத சப்னா அந்த செட்ட துண்டு துண்டா மாத்த வழியில்ல. அதனால என் ஐடியா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரிசீவர், கையில மிஞ்சற காசுல முன்னாடி மூணு ஸ்பீக்கர், இப்போதைக்கு அவ்வளவுதான். மூணும் ஒரே சீரிஸா இருக்கட்டும், இல்லன்னா ஆள் திரையில இடமிருந்து வலம் நடக்கும்போது குரலே மாறும். சப் ஆறு மாசம் கழிச்சு வரட்டும், சரவுண்ட் (பக்கவாட்டுல, பின்னாடி வைக்கிற ஸ்பீக்கர்) அதுக்கப்புறம். ஒருத்தர் மட்டும் நட்ட நடுவுல உக்காந்து பாக்குறதா இருந்தா சென்டர் கூட வேணாம், ரெண்டே போதும்னுருப்பேன். குடும்பமா ஓரத்துல எல்லாம் உக்காருவீங்க, அதனால சென்டர் கட்டாயம்.

பழைய ரிசீவர் 4கேவ கடத்தாதேன்னு பயப்படாதீங்க. ப்ளேயர், பாக்ஸ் எல்லாத்தையும் டிவியில மாட்டுங்க, டிவியில இருந்து ஏஆர்சி வழியா சவுண்ட் மட்டும் ரிசீவருக்கு வரட்டும். ஏஆர்சி 2009ல எச்டிஎம்ஐ 1.4 கூட வந்தது, அதனால ரொம்ப பழசு இல்லாத எதுலயும் இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி போர்ட் மேல எழுதியிருக்கான்னு பாத்துக்கோங்க. ஆப்ல வர்ற டால்பி டிஜிட்டல் ப்ளஸ் அதுல போகும். ப்ளூரேல வர்ற ட்ரூஎச்டிய (தரம் குறையாத சவுண்ட்) டிவி வழியா எடுக்கணும்னாதான் ஏஆர்சியோட புது வடிவமான ஈஏஆர்சி தேவை.

நான் ஒரு தடவ அடிபட்டிருக்கேன். வித்தவர் ரேடியோவ போட்டு காமிச்சார், சூப்பரா பாடுச்சு, வீட்டுக்கு கொண்டு வந்தா எச்டிஎம்ஐ போர்ட் ஒண்ணு கூட வேலை செய்யல. அதனால போகும்போது ஒரு லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும் கொண்டு போங்க, ஒவ்வொரு போர்ட்டா மாட்டிப் பாருங்க. ஆன் பண்ணி சில செகண்ட்ல "டிக்"னு ரிலே சத்தம் கேக்கணும். எல்லா சேனல்லயும் ஸ்பீக்கர் மாட்டி கேளுங்க, அரை மணி நேரம் ஓட விடுங்க. ரூமுக்கு தகுந்தபடி சவுண்ட சரிபண்ற ரூம் கரெக்ஷன் மைக் கூட இருக்கான்னு கேளுங்க, அது இல்லாம வித்துடுவாங்க. பழைய ஸ்பீக்கர்னா கூம்ப சுத்தி இருக்கற ஃபோம் பொடியா உதிருதான்னு பாருங்க, கூம்ப ரெண்டு பக்கமும் விரல் வச்சு மெதுவா அமுக்குனா "கரகர"ன்னா காயில் உரசுதுன்னு அர்த்தம், வேணாம்னு வந்துடுங்க.

செம்புக்கம்பி:

பழையஆம்ப் சொல்றது சரி, நான் பெட்டி செட்டுங்கறத கவனிக்காம எழுதிட்டேன். மைக் வச்சு செட் பண்ணும்போது கையில புடிக்காதீங்க, ஸ்டாண்டுல, அம்மா உக்காருற இடத்துல அவங்க காது உயரத்துல வைங்க. முடிஞ்சதும் மெனுவ ஒரு தடவ பாருங்க, சிலது ஸ்பீக்கர லார்ஜ்னு (முழு பேஸும் அதுக்கே போற மாதிரி) போட்டுடும். சப் வந்ததும் எல்லாத்தையும் ஸ்மால் ஆக்கி க்ராஸ்ஓவர் (எதுக்கு கீழ உள்ள பேஸ் சப்புக்கு போகணுங்கற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைங்க. அது வரைக்கும் சப் "இல்ல"ன்னு குடுங்க, பேஸ் முன் ஸ்பீக்கருக்கே போயிடும்.

ரிமோட்கையில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சென்டர இழுத்து நிமித்தி வச்சேன், நைட் மோட் போட்டேன், சோஃபாவ ஒன்றரை அடி நகத்துனேன். அம்மா ஒரு முழு படம் பாத்தாங்க, ரெண்டே தடவதான் "என்னடா"ன்னாங்க, ஒரு இடத்துல எனக்கு முன்னாடி அவங்க சிரிச்சாங்க. அவசரம் இல்லைன்னு ஆயிடுச்சு, நிதானமா ரிசீவர் தேடுறேன். கடைசியா ஒண்ணு, வயர் என்ன வாங்கணும்?

செம்புக்கம்பி:

படிச்சதும் மனசு நிறைஞ்சுது ப்ரோ. 30 அடிக்குள்ளன்னா 16 காஜ் (வயரோட தடிமன் அளவு) போதும், ஆனா முழு செம்பா இருக்கணும். அலுமினியத்து மேல செம்பு பூசுனது விலை கம்மியா கிடைக்கும், நுனிய சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையா இருக்கும், அது வேணாம். ஒரு பக்கம் கோடு போட்ட வயர சிவப்பு முனையிலயே மாட்டுங்க, ரிசீவர்லயும் மூணு ஸ்பீக்கர்லயும். ஒண்ணு மாறுனா குரல் நடுவுல நிக்காம கரைஞ்சு போயிடும்.