1967 இம்பாலா நான்கு கதவு ஹார்ட்டாப்: சீரமைப்பும் உதிரிபாகத் தேடலும் (உறுப்பினர் அனுபவங்கள்)

ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

செவ்ரோலே நிறுவனத்தின் பழைய இம்பாலா கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 1967ஆம் ஆண்டின் நான்கு கதவு ஹார்ட்டாப் (கதவுகளுக்கு இடையே நடுத்தூண் இல்லாத உடலமைப்பு) என்றால் முதலில் பார்க்க வேண்டியவை பின்கதவுகள்தாம் என்பது, இந்த வண்டியைச் சீரமைக்கத் தொடங்கிய பின் எனக்கு உறுதியாகிவிட்டது. என் வண்டியில் உள்ள 283 கன அங்குல இன்ஜின், 1955இல் செவ்ரோலே அறிமுகப்படுத்திய ஸ்மால் பிளாக் வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பத்துக் கோடியாவது இன்ஜின் 2011இல் தயாரானது என்றால், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கேஸ்கெட்டுக்கும் பஞ்சம் வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களும் அப்படியே. ஊரில் உள்ள சாதாரண உதிரிபாகக் கடையிலேயே பாதி கிடைத்துவிடும்.

பின்கதவுகளின் கதை வேறு. பல்லாண்டுகளாக மதிப்பு இருந்ததெல்லாம் இரண்டு கதவு கூபேக்கும் மடக்குக்கூரை வண்டிக்கும்தான். முன்பக்க ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு), கிரில், பம்பர், டேஷ்போர்டு ஆகியவை பொதுவானவை என்பதால், நல்ல நிலையில் இருந்த நான்கு கதவு வண்டிகளைக் கூட வாங்கி, வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை நசுக்க அனுப்பினார்கள். 2005இல் தொடங்கிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கறுப்பு நிற 1967 நான்கு கதவு ஹார்ட்டாப் இடம்பெற்ற பிறகே இந்த உடலமைப்புக்குத் தேவை பிறந்தது. அதற்குள் காயலான் கடைகளில் அவை அருகிவிட்டன. புதிதாக உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனங்களும் இரண்டு கதவு வண்டிகளுக்கான தகடுகளையும் ரப்பர்களையுமே முதலில் செய்தன. பின்கதவுக்கு உரியவற்றைத் தொட்டவர் குறைவு.

அந்தத் தொடரின் மற்றொரு விளைவு, இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் பல கறுப்பாக இருப்பது. என்னுடையதும் தொழிற்சாலையிலிருந்தே கறுப்பு என்றுதான் விற்றவர் சொன்னார். இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள சிறு உலோகத் தகட்டில் பெயிண்ட் குறியீடு ‘ஜி’ என்று இருந்தது. அது கிரனாடா கோல்ட் எனப்படும் பொன்னிறம். கறுப்புக்கான குறியீடு ‘ஏ’. தொழிற்சாலை இட்ட வண்டி அடையாள எண்ணும் பொய் சொல்லாது: ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள எண் 16439 என்று தொடங்கினால், அது வி8 இம்பாலா, நான்கு கதவு ஹார்ட்டாப். விற்பவரின் வார்த்தையைவிட இந்த இரண்டு தகடுகளை நம்புவது நல்லது.

தேடலில் மிகக் கடினமானது பின்கதவுக் கண்ணாடி. 1965 முதல் செவ்ரோலேயின் பெரிய கார்களுக்குப் பக்கக் கண்ணாடிகள் வளைவாக வந்தன. தட்டையான கண்ணாடியென்றால் அளவு கொடுத்து வெட்டி வாங்கிவிடலாம். வளைத்துச் சூடேற்றிக் கடினப்படுத்திய கண்ணாடியை வெட்டப் போனால் தூள்தூளாகிவிடும். ஆகவே பழையதைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. இங்கேதான் ஹாலண்டர் நிறுவனத்தின் பழைய மாற்றுப்பாகக் கையேடுகள் கைகொடுத்தன. எந்த வண்டியின் எந்தப் பாகம் வேறெந்த வண்டிக்குப் பொருந்தும் என்று காயலான் கடைக்காரர்களுக்காகத் தொகுக்கப்பட்ட அட்டவணைகள் அவை. இம்பாலா, போன்டியாக் கேட்டலினா, ஓல்ட்ஸ்மொபில் 88, ப்யூக் லெசேபர் ஆகியவற்றின் உடல்களை, செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பிரிவு ஒரே அடிப்படையில் கட்டியதால், வெளித்தோற்றம் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில பாகங்கள் ஒன்றே. வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுவதை விட்டு, கையேட்டின் எண்ணைச் சொல்லித் தேடத் தொடங்கிய பிறகுதான் கடைக்காரர்கள் என்னை மதித்துப் பேசினார்கள்.

பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர் மாதம் நடக்கும் பழைய கார்ச் சந்தைக்கும் போனேன். ஒருவர் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் ஒரு குரோம் பட்டையை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பயன்படுத்தாத சரக்கு என்று விலை சொன்னார். பெட்டி உண்மையானதே, உள்ளே இருந்த பட்டை அண்மைக்காலத்து நகல். பெட்டியில் உள்ள பாக எண்ணோடு பொருளையும் அதைப் பொருத்தும் கிளிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பொருத்தும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த உடலில் நடுத்தூண் இல்லாததால், முன்கதவுக் கண்ணாடியின் பின்விளிம்பும் பின்கதவுக் கண்ணாடியின் முன்விளிம்பும் ஒரு ரப்பரின் மேல் நேராகச் சந்தித்தாக வேண்டும். கூரையோர ரப்பரிலும் இரண்டும் ஒரே அழுத்தத்தோடு பதிய வேண்டும். அசையாத பின்பக்கத் தகட்டிலிருந்து தொடங்கி, முதலில் பின்கதவு, அடுத்து முன்கதவு, கடைசியாக ஃபெண்டர் என்று இடைவெளிகளைச் சரிசெய்த பிறகே கண்ணாடியைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால், சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் புஷ்கள் புதியனவாக இருக்க வேண்டும். அவை பின்னால் மாற்றப்பட்டால் உடல் உயர்ந்து, பார்த்த வேலையெல்லாம் கலைந்துவிடும். சரியாக அமைந்துவிட்டால் மழையிலும் ஒரு சொட்டு உள்ளே வராது.

டொராண்டோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. இங்கே விற்ற போன்டியாக் பரிசியன் போன்ற பெரிய கார்கள், பெயரில் போன்டியாக்காக இருந்தாலும், செவ்ரோலேயின் சேஸிஸ் மீதும் செவ்ரோலே இன்ஜினோடும் கட்டப்பட்டவை. ஒரு பண்ணையின் பின்புறம் கிடந்த பரிசியனைப் பார்த்த என் நண்பர், போன்டியாக் நமக்கு எதற்கு என்று நடையைக் கட்டினார். நான் அதை வாங்கி, பிரேக் டிரம், ஸ்டீயரிங் இணைப்புகள், கியர்பாக்ஸ் ஆகியவற்றை என் இம்பாலாவுக்கு மாற்றிக்கொண்டேன். இதற்கு மறுபக்கமும் உண்டு: அமெரிக்கப் போன்டியாக்கின் வெளித்தகடுகளைக் கனடிய வண்டிக்கு வாங்கிவிடாதீர்கள், சேஸிஸின் அளவே வேறு என்பதால் பல தகடுகள் பொருந்தா. எங்கள் ஊர் வண்டிகளின் அடித்தளத்தைச் சாலையில் கொட்டும் உப்பு தின்றிருக்கும் என்பதால், தகட்டு வேலைக்கு இவற்றை நான் நம்புவதில்லை.

அரிசோனாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

தகடு வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். பாலைவனக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பது குறைவு. ஆனால் வெயிலில் ரப்பரும் டேஷ்போர்டு உறையும் சீட்டுத் துணியும் பொடிப்பொடியாகியிருக்கும், அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். நான் போன காயலான் கடையில் பின்கதவுக் கண்ணாடியை மட்டும் கேட்டபோது, முதியவரான உரிமையாளர் தர மறுத்துவிட்டார். கதவோடு எடுத்தால் எடு, இல்லையென்றால் போ என்றார். அப்போது கோபம் வந்தது. வீட்டில் கதவைப் பிரித்தபோதுதான் கண்ணாடியை ஏற்றியிறக்கும் ரெகுலேட்டர், வழித்தடங்கள், நிறுத்தக் கட்டைகள் எல்லாம் அதனுள்ளேயே முழுமையாக இருப்பதைக் கண்டேன். இவற்றைத் தனித்தனியாகத் தேடியிருந்தால் கதவின் விலையைப் போல் பல மடங்கு ஆகியிருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சரிசெய்போல்ட்டைச் சுற்றியும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.