முதல் பயனர்களை எப்படிப் பிடிச்சீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். நாங்க மூணு பேர் சேர்ந்து, கடைகளுக்குப் பில் போடுற ஆப் ஒண்ணு செஞ்சோம். கூகுள் ப்ளேயில புதுசா தனிநபர் டெவலப்பர் கணக்கு தொடங்கினா, 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில இருந்தாத்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். (2023 கடைசியில விதி வந்தப்போ 20 பேர் கேட்டாங்க. 2024 டிசம்பர்ல குறைச்சாங்க.) ‘நீ என் ஆப்பைப் போடு, நான் உன்னுதைப் போடுறேன்’னு மாத்திக்கிற குழுக்கள்ல சேர்ந்து தலை எண்ணிக்கையை நிரப்பிட்டோம். 14 நாள்ல ஒருத்தர்கூட ஒரு பில் போடல.

அதுக்கப்புறம்தான் ஒரு சின்ன நிறுவனத்துல கணக்கு எழுதுறவங்ககிட்டப் போனோம். “பழைய பில் புக்கைக் கொடுங்க மேடம், பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பேரு எல்லாத்தையும் நாங்களே ஏத்தித் தர்றோம்”னு கேட்டோம். ரெண்டு ராத்திரி ஆச்சு. மூணாம் நாள் காலையில பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். ‘சேமி’யைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பில் நம்பரைத் துண்டுத்தாள்ல குறிச்சுக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா, “தொட்டதும் எல்லாம் காலியாயிடுது தம்பி. பதிஞ்சுதா, போயிடுச்சான்னு தெரியல.”

அடுத்த பில்லுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் படிவத்தை உடனே காலி பண்ணினோம்! அன்னைக்குச் சாயங்காலமே, சேமிச்ச பில் நம்பர் திரை மேலேயே நிக்கிற மாதிரி மாத்தி அனுப்பினேன். மறுநாள் அந்தத் துண்டுத்தாள் மேசையில இல்ல. அவங்களே இன்னும் நாலு பேரோட போன் நம்பர் கொடுத்தாங்க.

*

தம்பி, எங்களுக்குக் காட்ட ஆப்பே தயாரா இல்ல. கோப்புகளை இணையத்துல சேமிச்சு வைக்கிற ட்ராப்பாக்ஸ் நிறுவனம் 2008-ல ஒரு செயல்விளக்க வீடியோ போட்டு, காத்திருப்போர் பட்டியல் ஒரே ராத்திரியில 5,000-லேர்ந்து 75,000 ஆன கதையைப் படிச்சுத்தான் துணிஞ்சோம். மெய்ப்புத் திருத்துறவங்களுக்கான கருவி எங்களுது. மூணு நிமிஷ வீடியோ எடுத்தோம். அதுல வந்த மாதிரிப் பக்கத்துல ஒரு சந்திப்பிழை அப்படியே நின்னுடுச்சு, எங்க கண்ணுல படல. பார்த்தவங்கள்ல ஒன்பது பேர் அதைச் சுட்டிக்காட்டி எழுதினாங்க. வேற யாரையும் தேடல. அந்த ஒன்பது பேரையும் தனித்தனியா கூப்பிட்டுச் சோதிக்கக் கொடுத்தேன். ஏழு பேர் இன்னும் கூடவே இருக்காங்க.

*

பரிசுக் கூப்பன் கொடுத்துப் பார்த்தோம் சார். கூப்பன் கைக்கு வந்த அன்னைக்கே பாதிப் பேர் ஆப்பை நீக்கிட்டாங்க. இப்போ பிழை சொன்னவங்க சம்மதிச்சா, அடுத்த பதிப்போட மாற்றக் குறிப்புல அவங்க பேரைப் போடுறோம். அதுல ஒருத்தர், போன வாரம் ராத்திரி 11 மணிக்கு ஆறு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார், ஒவ்வொண்ணுலயும் சிவப்பு வட்டம் போட்டு.