ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில் சேரக் கூப்பிடுகிறார்கள், பணம் முதலில் யார் கையிலிருந்து போகும்?

ஏரிக்கரை (கிருஷ்ணகிரி) கேட்டது:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். வாய்க்கால் தூர் வாருவது, பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஏரித் தண்ணீரைச் சோதிப்பது, அவ்வளவுதான் எங்கள் வேலை. போன மழைக்குக் கெலவரப்பள்ளி அணை மதகு திறந்தபோது நுரை பொங்கித் தரைப்பாலத்தை மூடிவிட்டது. பைக்கில் வந்தவர் ஒருவர் பாலம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தார். அதை வீடியோ எடுத்து ஜெர்மனியில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனுக்குச் சும்மா அனுப்பினேன். அவன் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் டான்யூப் ஆற்றுப் படுகையில் பல நாடுகள் சேர்ந்து செய்யும் வட்டாரத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறதாம், நீங்களும் கூட்டாளியாகச் சேருங்கள், பல நாடுகளுக்கு இடையிலான நிதி இருக்கிறது என்கிறான்.

என் சந்தேகம் ரெண்டு. ஒன்று, இந்தப் பணம் முன்னாடியே வருமா, நாங்கள் போட்டுவிட்டு அப்புறம் வாங்க வேண்டுமா? எங்கள் வங்கிக் கணக்கில் இப்போது இருப்பது நாப்பதாயிரம் சொச்சம். இரண்டு, தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூரு ஓரமாக வந்து எங்களிடம் சேர்கிறது, கழிவு அங்கே, நுரை இங்கே. ஓசூர், ஆனேக்கல், அந்தப் பக்கம் குப்பம் என்று மூன்று மாநிலம் ஒட்டியிருக்கும் இந்தப் பகுதிக்கு இதே மாதிரி ஒரு பொதுநிதி நம் நாட்டில் இருக்கிறதா?

பாலக்கோட்டான் (இப்போது வியன்னா):

வணக்கங்க. ஊர்ப் பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே இந்த மாதிரி இரண்டு திட்டங்களில் கணக்கு எழுதியவன், அதனால் ஆசையைக் குறைக்கிற பதிலாகத்தான் இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வது இன்டர்ரெக், எல்லை தாண்டிச் சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் திட்டம். 1990ல் ஆரம்பித்தது, இப்போது நடப்பது ஆறாவது சுற்று, 2021 முதல் 2027 வரை. பணம் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து வருகிறது. அதில் எல்லையோரப் பகுதிகளுக்கு ஒரு பிரிவு, டான்யூப் மாதிரி பெரிய வட்டாரங்களுக்கு ஒரு பிரிவு, ஐரோப்பா முழுவதுக்கும் ஒன்று, கடல் கடந்த தொலைதூரப் பகுதிகளுக்கு ஒன்று. டான்யூப் பிரிவில் 14 நாடுகள், அலுவலகம் புடாபெஸ்டில். அந்தப் பதினாலில் இந்தியா இல்லை என்று சொல்லத் தேவையில்லை, அதனால் நீங்கள் பணம் வாங்கும் கூட்டாளியாக வருவது கஷ்டம். அதிகபட்சம், அதுவும் விதி இடம் கொடுத்தால், இணைக் கூட்டாளி, அதாவது பெயர் இருக்கும், கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், பட்ஜெட் இருக்காது. பயணச் செலவை அங்குள்ள ஒரு கூட்டாளி தன் கணக்கில் ஏற்க வழி உண்டா என்று அந்தத் திட்டத்தின் விதிகளைக் காட்டச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

முன்பணம் பற்றிக் கேட்டீர்கள். கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செலவு செய்வீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுப்பீர்கள், உங்கள் நாட்டுக் கணக்குச் சரிபார்ப்பாளர் பார்ப்பார், அவர் ஓகே சொன்னதும் முதன்மைக் கூட்டாளி எல்லாருடையதையும் சேர்த்து அனுப்புவார், பிறகு பணம் அவருக்கு வந்து அங்கிருந்து உங்களுக்கு வரும். ஒரு முறை எங்களுக்கு செலவு செய்த நாளிலிருந்து கணக்கில் விழ ஒரு வருஷம் ஆனது. வந்தாலும் முழுசாக வராது, இந்தச் சுற்றில் பெரும்பாலும் 80 சதவீதம் வரைதான், மிச்சம் இருபது உங்கள் பாக்கெட். பெரிய பல்கலைக்கழகத்துக்கு இது தூசு, நாப்பதாயிரம் வைத்திருப்பவருக்குத் தூக்குக் கயிறு.

ஒரு தடவை பட்டறைக்கு வாங்கிய காப்பி, ரொட்டிக்கு நான் அனுப்பிய பில்லைத் திருப்பிவிட்டார்கள். தொகை சரி, தேதி சரி, வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாளும் பின் பண்ணி இருந்தது. பில்லின் மேல் திட்ட எண் எழுதவில்லையாம். கடைக்காரரிடம் திரும்பப் போய் நின்றேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இன்னொன்று, இந்தப் பணம் கட்டடம் கட்டுவதற்கு இல்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வராது. கூடிப் பேசுவது, பொதுவான வரைபடம் போடுவது, ஒரு சின்ன சோதனை முயற்சி, அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு, இடத் திட்டமிடலில், அதாவது எந்த நிலத்தில் எது வர வேண்டும் என்பதில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நேரடி அதிகாரமே கிடையாது, 1999ல் போட்ஸ்டாமில் ஏற்றுக்கொண்ட பொதுத் திட்ட ஆவணம்கூட யாரையும் கட்டுப்படுத்தாது. உத்தரவு போட முடியாத இடத்தில், சேர்ந்து உட்காருகிறீர்களா, டிக்கெட் காசு தருகிறோம் என்கிறார்கள்.

கடல் கடந்த பிரிவு என்றேனே, அதில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவை வைத்து இந்தியப் பெருங்கடல் திட்டம் ஒன்று ஓடுகிறது. நம் ஆட்கள் வம்சம் நிறைய இருக்கும் தீவு. அதில் பக்கத்து நாடுகள் சேர இடம் உண்டு, ஆனால் மலை மேல் இருக்கும் கிருஷ்ணகிரியைக் கடலோடு முடிச்சுப் போடக் கொஞ்சம் கற்பனை வேண்டும்.

ஓய்வு பெற்ற வரைவாளர் (தருமபுரி):

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். நகர் ஊரமைப்பு வேலையில் பென்சில் தேய்த்த காலம் அதிகம். நம் 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டம் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது மாநில எல்லையில் போய் நின்றுவிடும். ஓசூர் வரைபடம் வரைந்தால் வடக்கே கர்நாடகா என்று எழுதிவிட்டு வெள்ளையாக விட்டுவிடுவோம். அந்த வெள்ளைக்குள்தான் அத்திப்பள்ளி, ஆனேக்கல், உங்கள் நுரைக்குக் காரணமான அத்தனையும்.

மாநிலங்கள் கூடிப் பேச 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி தென் மண்டலக் குழு இருக்கிறது, அதுவும் ஆலோசனைக் குழு, கையில் திட்ட நிதி இல்லை. அதே வருஷம் வந்த நதிநீர்த் தகராறு சட்டம், பெயரிலேயே தகராறு, சண்டை முற்றினால் தீர்ப்பாயம் என்பதுதான் வழி. தென்பெண்ணைக்கும் அதே கதைதான், அதன் துணையாறான மார்க்கண்டேய நதி அணை விஷயத்தில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டைத் தீர்ப்பாயம் கேட்டு மத்திய அரசிடம் போகச் சொன்னது. ஆக நீங்கள் கேட்கும் பொதுநிதி என்று ஒரு பெட்டி எனக்குத் தெரிந்து கிடையாது.

வெளிநாட்டுப் பணம் நம் ஊருக்கு வந்ததே இல்லையா என்றால் வந்திருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 1,928.80 கோடி, 2013 மே மாதம் திறந்தார்கள், பெரும்பகுதி ஜப்பான் பணம். அது மானியம் இல்லை, கடன். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறிய பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்த ஊர் இது, போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வகையில் நல்ல காரியம். ஆனால் கவனியுங்கள், 2008ல் கர்நாடகா எதிர்த்தபோது ஜப்பான் பணம் அதைத் தீர்த்து வைக்கவில்லை, அது ஒரு மாநிலத்துக்குள் குழாய் போட வந்த பணம். குழாய்க்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனேக்கல்காரரும் ஓசூர்காரரும் ஒரே மேசையில் ஒரே வரைபடம் போடுவதற்குப் பத்து ரூபாய் கொடுக்க ஆள் இல்லை. வியன்னா தம்பி சொன்ன அந்த டிக்கெட் காசை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கு அக்கா (ஓசூர்):

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், ஏரிக்கரை, நீங்கள் முதலில் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்கிறதா என்று சொல்லுங்கள். இல்லாமல் வெளிநாட்டு நன்கொடையாக ஒரு யூரோகூட வாங்கக் கூடாது. பதிவுக்கு மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அது எட்டாது என்று நினைக்கிறேன், அப்போது குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட வேலை என்று முன் அனுமதி கேட்கும் வழி ஒன்றுதான். பணம் வந்தாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நான் பார்த்த ஒரு அமைப்பு இது தெரியாமல் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் காசோலை கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தது.

கன்சல்டன்சி பில் போட்டு வாங்கலாமே என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பணமே கைமாறாத இணைக் கூட்டாளி என்றால் தலைவலி ரொம்பக் குறைவு. டிக்கெட்டை அவர்களே எடுத்துக் கொடுத்தாலும் அதையும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏரிக்கரை:

ஐயா, அக்கா, பாலக்கோட்டான் மூன்று பேருக்கும் நன்றி. பதிவு இல்லை அக்கா, மூன்று வருஷம் சேர்த்தாலும் எங்கள் செலவு மூன்று லட்சம் தாண்டாது. எங்கள் ஆட்களோடு பேசிவிட்டோம், பணம் வேண்டாம், பெயரை மட்டும் போடுங்கள் என்று சொல்லப் போகிறோம். ஒரு நிபந்தனை வைக்கலாம் என்று இருக்கிறோம், அவர்கள் டான்யூபுக்கு ஒரே வரைபடத்தில் பல நாட்டுத் தகவலை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதை எங்களுக்கு ஆன்லைனில் சொல்லித் தர வேண்டும், ஆனேக்கல் பக்கம் ஏரி வேலை செய்யும் இரண்டு பேரையும் அந்த வகுப்பில் உட்கார வைப்போம். ஐயா சொன்ன வெள்ளை இடத்தை நாங்களே கொஞ்சம் நிரப்பிப் பார்க்கிறோம்.

நண்பனுக்கு நேற்று ராத்திரி மெயில் போட்டேன். கோடை விடுமுறையில் இருக்கிறேன், மூன்று வாரம் கழித்துப் பதில் தருகிறேன் என்று தானாக ஒரு பதில் வந்திருக்கிறது.

பாலக்கோட்டான்:

ஆகஸ்ட் மாதம்ங்க, இங்கே யாரையும் பிடிக்க முடியாது. விண்ணப்பக் கடைசித் தேதி எப்போது என்று மட்டும் வேறு யாரிடமாவது கேட்டு வையுங்கள்.