புதுப்பிப்பு: பேடி கார்டா, எஸ்.எஸ்.ஐ. கார்டா?

ஈரோட்டிலிருந்து மச்சானும் நானும் ஸ்கூபா படிக்கப் போகிறோம், பேடி, எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு டைவிங் பயிற்சி நிறுவனங்களில் எதனுடைய சான்றிதழ் கார்டு வாங்கினால் தாய்லாந்தில் செல்லும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் எஸ்.எஸ்.ஐ.யின் ஆரம்பநிலை கோர்ஸான ஓப்பன் வாட்டரை முடித்து, தாய்லாந்தின் கோ தாவோ தீவிலும் டைவ் அடித்துவிட்டு வந்தாயிற்று.

அங்கே நாங்கள் போய் நின்றது ஒரு பேடி கடையில். எந்த நிறுவனத்து கார்டு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் போனில் கார்டை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் அடித்த டைவ்களைக் குறித்து வைக்கும் லாக் புக்கைப் புரட்டி, கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினோம் என்ற தேதியில் விரலை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ரொம்ப நாள் ஆகியிருந்தால் ரிஃப்ரெஷர் என்கிற நினைவூட்டல் பயிற்சி கேட்பார்களாம், கார்டு என்னவோ காலாவதி ஆவதில்லை.

பேடி, எஸ்.எஸ்.ஐ. இரண்டின் ஓப்பன் வாட்டருமே ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற சர்வதேச தரத்தில் வருகின்றன, இரண்டிலும் 18 மீட்டர் ஆழம்தான் எல்லை, எஸ்.எஸ்.ஐ.யில் தொடங்கியவர் 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு கோர்ஸை பேடியில் படித்தாலும் தடையில்லை. சி.எம்.ஏ.எஸ். என்ற இன்னொரு அமைப்பின் கார்டு பிரான்ஸ் பக்கம் அதிகம், அதில் ஒரு நட்சத்திரம் என்கிற முதல் நிலைக்கு 20 மீட்டர்.

திருப்பூர் அண்ணா ஒருத்தர் கேட்டிருந்தார், இந்த கார்டுக்குப் பதிலாக ஒருநாள் டிஸ்கவர் ஸ்கூபா சான்றிதழ் போதுமா என்று. போதாதுங்கண்ணா, அது வெறும் அனுபவத்துக்கு.

லீவு கிடைக்காதவர்கள் ரெஃபரல் கேளுங்கள்: தியரி, நீச்சல்குளப் பயிற்சி ஒரு ஊரில், கடல் டைவ் நான்கும் இன்னொரு ஊரில். பேடியில் அந்த ரெஃபரல் தாள் 12 மாதம் செல்லும்.