பயணி கட்டுவதற்கும் ஓட்டுநருக்கு வருவதற்கும் கணக்குப் பொருந்தவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். என் தம்பி ஒரு செயலியில் கார் ஓட்டுகிறான். கமிஷன், முன்பதிவுக் கட்டணம், வரி எல்லாம் பிடிப்பார்கள், சரி. ஆனால் ஒரே தூரத்துக்குப் பிடித்தம் சவாரிக்குச் சவாரி மாறுகிறதே, அதுதான் புரியவில்லை. பயணியிடம் முன்கூட்டியே ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, ஓட்டுநரின் பங்கைத் தனியாகக் கணக்கிடும் முறை இருக்கிறது. அப்படியானால் கமிஷன் சதவீதத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது?

பயணியை ஏற்றப் போகும் தூரம், சும்மா காத்திருக்கும் நேரம், இவற்றுக்கும் எரிபொருளும் உழைப்பும் செலவாகின்றன. 2021-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில், செயலியைத் திறந்துவைத்துச் சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றது. எல்லா ஊரிலும் அப்படி எண்ணினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஓட்டுகிறவர்கள், உணவு டெலிவரி செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: சவாரி வாரியான பிடித்தங்களின் விவரத்தை முழுதாக எப்படி வாங்கினீர்கள்? உதவி மையத்தில் தானியங்கிப் பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தாண்டி ஒரு மனிதரிடம் பேச என்ன வழி? அப்புறம், காலி ஓட்டத்தையும் சேர்த்து வரவு செலவு எழுத யாரிடமாவது நல்ல அட்டவணை இருந்தால் பகிருங்கள்.